வெள்ளைத் துண்டும் கார் சீட்டும்

ரொம்ப நாள் ஆச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடிட், நடுவில் ஊரிலிருந்து அப்பா வருகை. இந்தப் பதிவு அப்பாவைப் பற்றியதா, கார் சீட்டைப் பற்றியதா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்பா அரசாங்க டிரைவர். கோவில்பட்டியிலும் திருநெல்வேலியிலும் ஒரு துறையின் அம்பாசடரை 25 வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். பின் சீட்டு அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஸ்டியரிங் பிடித்த ஆள் மட்டும் மாறவில்லை. எனக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் என்றதும் அவர் முதலில் கேட்டது சம்பளத்தையோ வீட்டு வாடகையையோ அல்ல. "ஏல, உத்தர்பாரா அங்கனதான இருக்கு?"

உத்தர்பாரா என்றால் அம்பாசடர் பிறந்த ஊர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் ஆரம்பித்து, 1948இல் இங்கே ஹூக்ளிக் கரைக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை எடுத்து, 1950களின் கடைசியில் அம்பாசடர் என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரே ஹிந்த் மோட்டார். பூர்வீகக் கோயிலுக்குப் போகிற மாதிரி அங்கே ஒரு தடவை போகவேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். அவர் வழக்கம்போல முன் கதவைத் திறந்தார். நான் விடவில்லை. "ஆயுசு பூரா முன்னாடியே உக்காந்தாச்சுப்பா. இன்னிக்கு ஆபீசர் மாதிரி பின்னாடி உக்காருங்க." தங்கமணியும் சேர்ந்துகொண்டாள். மனுஷர் கூச்சத்தோடு ஏறி, சீட்டின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பி.டி. ரோட்டில் டன்லப் முனை. அந்த நெரிசலில் மாட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு அடி நகர்ந்தால் ஒரு பிரேக். பின்னால் பேச்சே இல்லையே என்று கண்ணாடியில் பார்த்தேன். அப்பாவின் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. ஓரங்கட்டுவதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லி, சட்னி, காபி எல்லாம் சீட்டின்மேல்.

லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியவருக்கு வாந்தியா? காரணம் சுலபம்தான். வண்டி எப்போது திரும்பும், எப்போது நிற்கும் என்பது ஓட்டுகிறவரின் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். பின்னால் இருப்பவருக்கு உள்காது ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரட்டுகிறது. அப்பா வாழ்நாளில் முதல்முறையாகப் பின் சீட்டில் உட்கார்ந்தார். நான்தான் உட்கார வைத்தேன்.

உத்தர்பாராவுக்குப் போகாமலே திரும்பினோம். வழியெல்லாம் ஒரே வரிதான் சொன்னார்: "வண்டிய அசிங்கம் பண்ணிட்டனே."

சாயங்காலம் நான் வீரத்தோடு களத்தில் இறங்கினேன். அரை வாளி வெந்நீர், இரண்டு கை சோப்புத்தூள், துணி துவைக்கிற பிரஷ். சீட்டில் ஊற்றித் தேய்தேய் என்று தேய்த்துவிட்டுப் பெருமையாக மேலே வந்துவிட்டேன். (பி.காம் படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்!)

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அப்பாவைப் படுக்கையில் காணோம். கீழே போனால், கார் கதவைத் திறந்துவைத்து, முண்டா பனியனோடு சீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முஷ்டியால் சீட்டை ஓர் அழுத்து அழுத்தினார். குபுக்கென்று தண்ணீர் வந்தது. கூடவே நாற்றமும்.

"இத எப்படில தொடைக்கது? துணியத் தச்சுல்லா வச்சிருக்கான். துண்டுன்னா உருவித் தொவைச்சுப் போட்ருவோம்."

நியாயமான கேள்வி. கழற்றித் துவைக்க முடியாத இடத்தில் துணியை ஏன் வைத்தான்? எவன் வைத்தான்? இதைத் தேடிப் போனதில் எனக்கு இரண்டு ராத்திரித் தூக்கம் போச்சு.

முதல் ஆச்சரியம், துணி சீட்டுதான் பணக்கார சீட்டாக இருந்திருக்கிறது. குதிரை வண்டி செய்த பட்டறைக்காரர்களே ஆரம்பத்தில் காருக்கும் உடல் கட்டிக் கொடுத்தார்கள். உள்ளே ஸ்பிரிங், அதன்மேல் குதிரை மயிர்த் திணிப்பு, மேலே உறை. கூரையில்லாத வண்டி என்றால் மழை வெயில் தாங்கத் தோல். மூடிய வண்டி என்றால் உயர்ந்த கம்பளித் துணி. 1900களின் தொடக்கத்தில் வந்த பெரிய கார்களில் இந்த இரண்டும் ஒரே வண்டிக்குள் இருந்தன. டிரைவர் உட்காரும் முன்பக்கம் திறந்தவெளி, அங்கே தோல். முதலாளி உட்காரும் பின்பக்கம் கண்ணாடி அறை, அங்கே துணி. தோல் வழுக்கும், குளிரில் சில்லிடும், வெயிலில் சுடும். ஆனால் ஈரத்துணியால் ஒரு துடைப்பில் சுத்தமாகும். துணி மெத்தென்று இருக்கும். சுத்தம் செய்வது பெரும்பாடு. ஆனால் முதலாளிக்கு அந்தக் கவலை எதற்கு? துடைப்பவன் வேறு ஆள்.

இன்றைக்குத் தோல் சீட்டு என்றால் டாப் மாடல் என்று கூடுதல் பணம் கொடுக்கிறோம். அன்றைக்கு அது டிரைவர் சீட்டு! பழைய வழக்கத்தின் மிச்சம் ஜப்பானில் இன்னும் இருக்கிறது. அங்கே பெரிய பதவிக்காரர்கள் போகிற டொயோட்டா செஞ்சுரி காருக்குக் கம்பளித் துணி சீட்டுதான் பேர்போனது.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. சீட்டும் அப்படித்தான். ஒருவருக்குச் சுகம் பற்று என்றால், இன்னொருவர் முழங்கையில் வலி வரவு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் அடுத்த நூறு வருஷக் கதையும் புரிகிறது.

கார் விலை குறைந்து நிறையப் பேர் வாங்க ஆரம்பித்தபோது, தோலும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம், மலிவாக ஏதாவது வேண்டும் என்றாயிற்று. பருத்தித் துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோல் மாதிரி செய்தார்கள். இந்த நைட்ரோசெல்லுலோஸ் துப்பாக்கி மருந்துக்கும் அடிப்படைச் சரக்கு. அமெரிக்காவில் வெடிமருந்துக் கம்பெனியான டூபாண்ட், 1910இல் ஃபேப்ரிகாய்ட் என்ற செயற்கைத் தோல் கம்பெனியை வாங்கியதற்கு இந்த உறவுதான் காரணம். இங்கிலாந்தில் அதே மாதிரி சரக்கை மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் ஒரு கம்பெனி செய்தது. அதன் வணிகப் பெயர்தான் ரெக்சின்! நம் ஊரில் பை, சோபா, சைக்கிள் சீட்டு எல்லாவற்றுக்கும் ரெக்சின் என்கிறோமே, அது ஒரு கம்பெனி வைத்த பெயர். பிறகு 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையும்படி செய்ய வழி கண்டுபிடித்தார். மெல்ல மெல்ல பூச்சு பி.வி.சி.க்கு மாறியது. நாம் மட்டும் ரெக்சின் என்ற பெயரை விடவில்லை.

அப்பாவின் அம்பாசடர் சீட்டு அந்த வகைதான். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போதும். ஆனால் தூத்துக்குடி வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து பாருங்கள்! தோசைக்கல். வியர்த்தால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நாள்பட்டால் வெயிலில் அதன் இளக்கும் சரக்கு வெளியேறி, விறைத்து, வெடித்துவிடும். ஏ.சி. இல்லாத காலம். அதிகாரியின் முதுகு சுடக்கூடாதே. அதற்கு வழிதான் வெள்ளைத் துண்டு.

துருக்கித் துண்டின் கதையும் மான்செஸ்டர் பக்கம்தான் போகிறது. ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் 1850 வாக்கில் துருக்கியில் கையால் நெய்த, இழை வளையம் வளையமாக நிற்கும் துண்டைப் பார்த்தார். அதை மெஷினில் நெய்ய அவர் குடும்பத்தார் வழி செய்து, 1851 லண்டன் பொருட்காட்சியில் வைத்தார்கள். கிறிஸ்டி ஆலை இருந்தது டிராய்ல்ஸ்டன் என்ற ஊரில். ரெக்சின் வந்த ஹைட்டும் துண்டு வந்த டிராய்ல்ஸ்டனும் இன்றைக்கு டேம்சைட் என்ற ஒரே நிர்வாகப் பகுதிக்குள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பிறந்த இரண்டு சரக்கு, நம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்திருக்கிறது!

எங்கள் வீட்டில் அந்தத் துண்டுக்குத் தனி மரியாதை. சனிக்கிழமை சாயங்காலம் அப்பா இரண்டு துண்டையும் சுருட்டி மஞ்சள் பையில் கொண்டுவருவார். ஞாயிறு காலையில் அம்மா வெந்நீரில் ஊறவைத்து, பார் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து, கடைசியாகச் சொட்டு நீலம் கலந்த தண்ணீரில் முக்கிப் பிழிவாள். எங்கள் துணிகளோடு சேர்க்க மாட்டாள், தனிக் கொடி. ஒருதடவை நான் குளித்துவிட்டு, கொடியில் கிடந்த அந்தத் துண்டை எடுத்துத் தலை துவட்டிவிட்டேன். அம்மா அடித்தது அன்று ஒருநாள்தான் என்று நினைக்கிறேன். அந்த வேலைக்கு அவளுக்கு யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை. சம்பளப் பட்டியலில் அப்பா பெயர் மட்டும்தான் இருந்தது. அரசாங்கக் காரின் பின் சீட்டு வெள்ளை வெளேரென்று இருந்ததற்கான வரவு எங்கள் வீட்டுத் துவைகல்லில் எழுதப்பட்டது.

வி.ஐ.பி. கார்களின் சிவப்பு விளக்கை 2017 மே 1ஆம் தேதி முதல் எடுத்துவிட்டார்கள். துண்டை யாரும் எடுக்கவில்லை. ஏ.சி. வந்த பிறகும், துணி சீட்டு வந்த பிறகும் அது அங்கேயேதான் கிடக்கிறது. இப்போது அதற்கு வெயிலும் வியர்வையும் காரணமில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். போன துணி எப்படித் திரும்பி வந்தது? இங்கேயும் மான்செஸ்டர்தான். 1941இல் மான்செஸ்டர் காலிகோ பிரிண்டர்ஸ் சங்கத்தில் வேலை பார்த்த வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். நம் அப்பாக்கள் கல்யாணத்துக்குப் போட்ட டெரிலின் சட்டை அதுதான். அதற்கு முன்பே 1935இல் டூபாண்டில் கரோதர்ஸ் நைலானைச் செய்திருந்தார். கம்பளி போல் பூச்சி அரிக்காது, பருத்தி போல் சீக்கிரம் நைந்து போகாது, விலையும் மலிவு.

திணிப்பும் மாறியது. டன்லப் கம்பெனி 1929இல் ரப்பர் பாலை நுரைக்கவைத்து மெத்தை செய்தது. (டன்லப் பில்லோ! எந்த முனையில் வாந்தி எடுத்தோம் பாருங்கள்.) ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937இல் பாலியூரித்தேன் கண்டுபிடிக்க, 1950களில் அதிலிருந்து மிருதுவான ஃபோம் வந்தது. அதுவரை குதிரை மயிரும், சில கார்களில் நம் ஊர்த் தேங்காய் நாரும்கூட சீட்டுக்குள் இருந்தன. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் தேங்காய் நார்த் திணிப்பு உண்டு. எல்லாவற்றையும் ஃபோம் ஒதுக்கியது. அச்சில் ஊற்றி எடுத்தால் சீட்டு தயார், மேலே பாலியஸ்டர் துணியைத் தைத்து இழுத்து மாட்டினால் முடிந்தது.

நம் நாட்டில் 1983 டிசம்பர் 14ஆம் தேதி முதல் மாருதி 800 காரின் சாவி கைமாறியது. அதற்குப் பின் வந்த பெரிய மாற்றம் எஞ்சினில் மட்டும் இல்லை. டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்டும் குடும்பம் என்ற ஒன்று பெருகியது. பாங்க் லோன் போட்டு வாங்கும் என்னைப் போன்ற ஆட்கள். அதே காலத்தில்தான் துணி சீட்டும் சின்னக் கார்களில் பரவியது. அதாவது முதலாளியின் துணி சீட்டு நமக்குக் கிடைத்தது. அதைத் துடைக்கிற ஆள் கிடைக்கவில்லை. முதலாளியும் நாமே, டிரைவரும் நாமே, துடைப்பவரும் நாமே. புதுக்கார் சீட்டின் பிளாஸ்டிக் உறையை ஆறு மாதம் வரை கிழிக்காமல் நாம் ஓட்டுவது கஞ்சத்தனம் இல்லை ஐயா, பயம்!

துடைக்கும் கருவிகள் ஏற்கெனவே வந்திருந்தன. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினியர், காற்றை ஊதித் தூசியை விரட்டும் மெஷின் ஒன்றைப் பார்த்தார். ஊதினால் தூசி வேறிடத்தில் போய் உட்காரும், உறிஞ்சினால் என்ன? ஒரு ஓட்டலில் மெத்தை நாற்காலியின்மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். இருமல் வந்தது. கைக்குட்டையில் கறுப்பாகத் தூசியும் வந்தது. வாக்குவம் கிளீனர் பிறந்தது மெத்தை சீட்டின் மேல்தான்! அவருடைய முதல் மெஷினைக் குதிரை வண்டியில் வைத்து இழுத்துப் போய், வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாய் விட்டார்களாம். நம் ஊருக்கு அது 1982க்குப் பிறகு, டை கட்டிய யுரேகா ஃபோர்ப்ஸ் இளைஞர் வடிவில் வீட்டு வாசலுக்கே வந்தது.

சோப்பிலும் ஒரு கதை. முதல் உலகப்போரில் ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு. அதனால் கொழுப்பில்லாத சலவைச் சரக்கைத் தேட ஆரம்பித்தார்கள். அந்த வழியில்தான் டிட்டர்ஜென்ட் வந்தது. இந்தியாவில் 1959இல் சர்ஃப், 1969இல் நிர்மா. எனக்கு உதவியது இன்னொருவர். ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர் 1913இலேயே கணையத்திலிருந்து எடுத்த என்சைமைச் சலவைப் பொடியில் சேர்த்தார். பால், ரத்தம், வாந்தி எல்லாம் புரதக் கறை. நம் வயிறு எப்படிப் புரதத்தைச் செரிக்கிறதோ, அப்படி என்சைம் கறையைச் செரித்துவிடும். இன்று நல்ல வாஷிங் மெஷின் பவுடர்கள் பலவற்றிலும் என்சைம் இருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகுதான் நான் செய்த தப்புகள் வரிசையாகத் தெரிந்தன. வெந்நீர் முதல் தப்பு. சூட்டில் முட்டை வெந்து கெட்டியாவது போல் புரதம் கெட்டியாகி இழையைப் பிடித்துக்கொள்ளும். ஊற்றியது இரண்டாவது தப்பு. ஃபோம் ஒரு ஸ்பாஞ்ச்; குடித்த தண்ணீரை லேசில் விடாது. கொல்கத்தாவின் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம், மூன்று நாளில் பூஞ்சை. அதோடு இப்போதைய கார்களில் சீட்டுக்கு அடியிலும் உள்ளேயும் சென்சார், ஏர்பேக் வயர்கள் இருக்கும். அங்கே தண்ணீர் இறங்கக்கூடாது, இணைப்பைப் பிடுங்கவும் கூடாது.

இரண்டாம் முறை அப்பாவும் நானும் சேர்ந்து செய்தோம். முதலில் உள்ளே நின்ற தண்ணீரை எடுக்கவேண்டும். வழி கண்டுபிடித்தவர் அப்பா. காய்ந்த துருக்கித் துண்டு நாலு மடிப்பு மடித்து சீட்டில் போட்டார். அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்! கதவெல்லாம் திறந்திருக்க, பின் சீட்டில் கால்மேல் கால் போட்டு, ஊரிலிருந்து வாங்கிவந்த பழைய தினத்தந்தியைப் படித்துக்கொண்டு. கால் மணிக்கு ஒருதடவை எழுந்து ஈரத்துண்டை என்னிடம் நீட்டுவார். நான் பிழிந்து, வேறொன்று கொடுப்பேன். வண்டி நகரவில்லை, அதனால் வயிறும் புரட்டவில்லை. ஐந்து துண்டு மாற்றியபின் சீட்டு கிட்டத்தட்டக் காய்ந்துவிட்டது. மேலே போன தங்கமணி திரும்பி வந்து பார்த்துவிட்டு, "மாமா இப்பதான் நிஜமான ஆபீசர்" என்றாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே சிரித்தார்.

பிறகு வாக்குவம். என்சைம் பவுடரைக் குளிர்ந்த தண்ணீரில் அடித்து, நுரையை மட்டும் எடுத்து, மிருதுவான பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தடவல். கால் மணி நேரம் ஊறல். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தல், தேய்க்கக்கூடாது. கடைசியில் காய்ந்த துணி. பாலியஸ்டர் சாயம் போகுமா என்று முதலில் சீட்டின் அடிப்பக்கம் ஒரு மூலையில் பார்த்துக்கொண்டோம். ராத்திரி ஆப்பசோடாவைத் தூவி வைத்து, காலையில் உறிஞ்சி எடுத்தோம். பகலெல்லாம் டேபிள் ஃபேன். மூன்றாம் நாள் மூக்கை சீட்டில் வைத்து முகர்ந்தால் ஒரு வாசமும் இல்லை.

அப்பா சொன்ன சூத்திரம் ஒன்று, அம்பாசடர் காலத்தது, துணிக்கும் பொருந்துகிறது: "சீட்டுக்குத் தண்ணியக் காட்டப்பிடாது. ஈரத்தக் காட்டணும்."

எதற்கும் இருக்கட்டும் என்று கரியாஹாட்டில் இரண்டு வெள்ளைத் துண்டு வாங்கிவந்தேன். பின் சீட்டில் விரித்தேன். அப்பா வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் இரண்டையும் உருவி, சுருட்டி, என் கையில் கொடுத்தார்.

"வேண்டாம்ல. இதப் போட்டா, முன்னால இருக்கவன் டிரைவர்னு ஆயிரும்."

அடுத்த ஞாயிறு மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை அவர் எனக்குப் பக்கத்தில், முன் சீட்டில். டன்லப் நெரிசலில் நான் பிரேக் போடும்போதெல்லாம் அவர் காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பாலி பாலம் தாண்டி உத்தர்பாரா போனோம். 2014 மே மாதம் நின்றுபோன உற்பத்தி. அம்பாசடர் என்ற பெயரையே 2017இல் பிரெஞ்சுக் கம்பெனி பெஜோவுக்கு விற்றுவிட்டார்கள். சுற்றுச்சுவர், மரங்கள், சாத்திய கேட். இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"உங்கம்மையக் கூட்டிட்டு வந்திருக்கணும்ல" என்றார்.

அம்மா போய் நாலு வருஷமாகிறது. அந்த இரண்டு துண்டும் இப்போது எங்கள் குளியலறையில் இருக்கின்றன. தினமும் தலை துவட்டிக்கொள்கிறேன்.